கம்பளி இழையைச் சுற்றி ஒரு வளையம்

அறுபதுகளில் மன்னவனூருக்கு மேலே ஒரு தனியார் ஆட்டுப் பண்ணையில் கம்பளி சோதிக்கும் வேலை பார்த்தேன். பௌதிகம் படித்த பெண்ணுக்கு ஆட்டுக் கொட்டடியில் என்ன வேலை என்று கோடைக்கானலில் உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தப் பண்ணையில் ஒரு இழையின் பருமனைச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

சீமைக் கிடாய்க்கும் நாட்டு ஆட்டுக்கும் பிறந்த இளங்கிடாய் ஒன்று அங்கே இருந்தது. இனவிருத்திக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். திண்டுக்கல்காரரான மேலாளர் அதன் முதுகைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, சொரசொரன்னு கெடக்கு. இதப் போயி நல்ல கம்பளிங்கிறீங்களே? நாளைக்கு வெள்ளனே கறிக்கடைக்காரரு வாராரு, தள்ளி விட்ருவோம்."

முள்ளும் மண்ணும் ஒட்டிய சொரசொரப்பு அது; உள்ளே இழை மெல்லிசு, மெல்லிசாக இருந்தால்தான் நல்ல கம்பளி. சொன்னால் கேட்கிற ஆளா அவர்? நுண்ணோக்கியில் காட்டலாமென்றால், மலை ஈரத்தில் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

கல்லூரியில் படித்த ஒன்று கைகொடுத்தது. மெல்லிய இழைகளின் வழியே விளக்கைப் பார்த்தால், ஒளி இழையின் ஓரத்தில் வளைந்து விளக்கைச் சுற்றி வண்ண வளையம் போடும். இழை எவ்வளவு மெல்லிசோ, வளையம் அவ்வளவு பெரிது. பிஸ்கட் டின் மூடியின் நடுவில் ஆணியால் ஒரு துளை போட்டு, சுற்றிலும் ஊசியால் வட்டமாகச் சிறு துளைகள் குத்தினேன். அதன் பின்னால் பெட்ரோமாக்ஸ். கழுவிய கம்பளியை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துக் கண்ணருகே பிடித்தபடி நடக்க வேண்டும். வளையம் சிறு துளைகளின் மேல் வந்து உட்காரும் இடத்தில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. மெல்லிய இழைக்குக் கோடு விளக்கின் அருகே விழும். தடித்த இழைக்குத் தள்ளிப் போகும்.

மறுநாள் காலை ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினேன். மேலாளர் வந்தார். கறிக்கடைக்காரரும் கயிற்றோடு வந்து, "நான் திரும்பிப் போற உருளைக்கெழங்கு லாரி கெளம்பிரும், வெரசா முடிங்கம்மா" என்றார். முதலில் சீமைக் கம்பளிக்குக் கோடு போட்டேன். இளங்கிடாயின் கம்பளியும் அதே கோட்டில் நின்றது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேலாளர் நாட்டுக் குறும்பாட்டின் முரட்டுக் கம்பளியை நீட்டினார். அதுவும் அதே கோட்டில்தான் நின்றது.

"ஒங்க வளையத்துக்குக் குறும்பாடும் சீமை ஆடும் ஒண்ணுதான் போல" என்று சிரித்துவிட்டு, கிடாயை அவிழ்க்கச் சொன்னார்.

 கோபத்தில் கம்பளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் கண்ணாடி வழியே பார்த்தேன். வளையம் அப்படியே இருந்தது! சாக்கு இடுக்கில் நுழைந்த மூடுபனி கண்ணாடியில் படிந்திருந்தது. இத்தனை நேரம் நான் அளந்தது பனித்துளியை. தெருவிளக்கைச் சுற்றிப் பனி போடும் வளையத்தைப் பார்த்தே வளர்ந்த கோடைக்கானல்காரிக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

"அண்ணே, கயித்த விடுங்க!" என்று கத்தினேன்.

இடுக்கையெல்லாம் துணியால் அடைத்து, கண்ணாடியைக் கரி அடுப்பில் காட்டி உலர்த்தினேன். மூச்சு படாமல் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். சீமைக் கம்பளிக்குப் புதுக் கோடு விழுந்தது. குறும்பாட்டுக் கம்பளிக்கு முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் போக வேண்டியிருந்தது. இளங்கிடாயின் கம்பளியை மேலாளர் கையில் கொடுத்து, "நீங்களே நடந்து பாருங்க" என்றேன்.

அவர் நடந்தார், நின்றார், குனிந்து காலடியைப் பார்த்தார். சீமைக் கம்பளியின் கோட்டிலிருந்து ஒரு விரற்கடைதான் தள்ளியிருந்தது.

"கிடா விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார் கறிக்கடைக்காரரிடம். அவரோ லாரியை மறந்து, "அம்மா, என் மீசைய வச்சா எங்கன நிக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் அந்தக் கிடாய்க்குக் குட்டிகள் பிறந்து வளர்ந்தபோது, மேலாளர் எதன் முதுகையும் தடவிப் பார்க்கவில்லை. என் அறை வாசலில் வந்து நின்று, "வளையம் எங்கம்மா நிக்குது?" என்றுதான் கேட்டார்.