பிந்தின நட்சத்திரம்

பொன்னம்மை என்ற பெயரைத் தங்கபாய் முதன்முதல் கேட்டது, ரசத்தில் உப்புக் கூடிப்போன அன்றைக்கு. கல்யாணமாகி சுசீந்திரத்துக்கு வந்த புதிது. "பொன்னம்மை வச்சா இப்பிடியா இருக்கும்" என்றாள் மாமியார். பொன்னம்மை தங்கபாயின் புருஷன் பகவதிப்பெருமாளுக்கு மூத்த அக்காள். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அந்தப் பெயர்தான். விரதமா, வளைகாப்பா, எந்தத் திக்கில் இலை போடுவது என்பதா, பொன்னம்மை சொன்னால் சரி.

அந்த மைனியே ஒரு நாள் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவை ஒட்டிய தங்கபாய் பிற்பாடு குடிவந்த வாடகை வீட்டு வாசலில், கையில் ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். யுத்த காலம். அசாமில் ரோடு போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனில்லாமல் அவள் வளர்த்த ஒரே மகன் அழகியநம்பி, பதினாறு வயதைப் பதினெட்டு என்று சொல்லி அதில் சேர்ந்துவிட்டான். மூன்று நேரமும் சோறு என்று எவனோ சொன்னானாம். கூட்டிப்போக வந்தவளிடம், பெயர் பதிந்தாகிவிட்டது, இனி விட முடியாது என்று ஆள் சேர்க்கும் முகாமில் கையை விரித்துவிட்டார்கள். ஊர்வரை போய்வரவும் அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே விடுவார்கள்.

"போறவன் போகட்டும். மீன மாசம் அவனுக்க பொறந்தநாளு. எனக்க கையால ஒரு இலைச் சோறு தின்னுட்டுப் போகட்டும். அதுவரை இங்க இருக்கட்டா தங்கபாய்?"

"இதென்ன கேள்வி மைனி" என்று தங்கபாய் மூட்டையை வாங்கினாள். கனத்தது. அரிசி பிடிக்கும் வழிச் சோதனைக்குப் பயந்து மைனி சேலைகளுக்கு நடுவே பச்சரிசியைப் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். ரேஷன் கார்டுக்குக் கிடைக்கும் அரிசி ஒரு நேரக் கஞ்சிக்கே போதாத காலம். மற்ற நேரமெல்லாம் மரச்சீனிக் கிழங்குதான். அன்றைக்கே அந்த அரிசி உறியில் ஏறிவிட்டது. அவியல், எரிசேரி, சர்க்கரைப் பாயசம், பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று பேச்சு நடந்தது. முகாமில் கெஞ்சி அன்றைக்கு மட்டும் விடச் சொல்ல வேண்டும். பகவதிப்பெருமாள் தான் கணக்குப்பிள்ளையாக இருந்த இரும்புக் கடையில் சொல்லிவைத்து ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்தான்.

அந்த வருஷம் மீனத்தில், அதாவது பங்குனியில், நம்பியின் பிறந்த நட்சத்திரமான உத்திரட்டாதி இரண்டு முறை வந்தது. மாதப் பிறப்பை ஒட்டி ஒன்று, கடைசியில் ஒன்று. முதலாவது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. நம்பி மத்தியானம் வந்தான். அவித்த கிழங்கும் துவையலும் வைத்தார்கள். அவன் உறியைப் பார்த்தான்.

"அம்மா, அது பச்சரிசிதானே? ஒரு பிடி பொங்கினா குறைஞ்சா போகும்?"

"சும்மா கிட மக்கா. அது பொறந்தநாளுக்கு."

"இன்னைக்கும் எனக்க நட்சத்திரம்தானே."

"ரெண்டு வந்தா பிந்தினதுதான் கணக்கு. முந்தினதுல இலை போட்டா ஆயுசுக்கு ஆகாது. உனக்க மாமன்ட்ட கேளு."

"எங்கிட்ட எதுக்கு?" என்றான் பகவதிப்பெருமாள். "பஞ்சாங்கக்காரனே உனக்க அம்மைட்ட கேட்டுட்டுத்தான் அச்சடிக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கபாய்க்குத்தான் பையனின் கழுத்தெலும்பு கண்ணில் பட்டது. "மைனி, நான் வேணா கொஞ்சம் வைக்கட்டா?"

"நீ இரி தங்கபாய். அதுல எடுத்தா அன்னைக்குப் பாயசத்துக்குக் காணாது."

"சரி அத்தை, அப்போ அன்னைக்கு எனக்கு ரெண்டு இலை" என்றான் நம்பி. கிழங்கைத் தின்று முடித்து, கூட இருக்கும் பையனுக்கென்று ஒரு துண்டை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு போனான்.

பிந்தின நட்சத்திரத்துக்கு முந்தின வாரம், கடையிலிருந்து பகவதிப்பெருமாள் வேளை கெட்ட வேளையில் ஓடி வந்தான். முகாம் ஆட்களைக் காலையிலேயே தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார்களாம். மூன்று பேரும் ஓடினார்கள். வண்டி போய்விட்டிருந்தது. பிளாட்பாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

உத்திரட்டாதி அன்றைக்குப் பொன்னம்மை குளித்து, விளக்கேற்றி, சொன்ன கறி அத்தனையும் வைத்தாள். இரண்டு இலை போட்டுப் பரிமாறினாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. "பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடட்டா மைனி?" என்று தங்கபாய்தான் கேட்டாள். பொன்னம்மை தலையசைத்தாள். பிள்ளைகள் வந்து பாயசத்தை வழித்து நக்கித் தின்றன. அவள் முந்தின நாள் கிழங்கைத் தின்றாள்.

அடுத்த மழைக்காலத்தில், நம்பியோடு போன ஒருவன் திரும்பிவந்து வீட்டைத் தேடிப்பிடித்துச் சொன்னான். காய்ச்சல். நிறைய பேருக்கு வந்ததாம். ரோட்டோரத்திலேயே அடக்கம் செய்தார்களாம்.

பொன்னம்மை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவனுக்குச் சோறு கிடைச்சுதா?"

"கிடைச்சுது அம்மா. மூணு நேரமும்."

அதன் பிறகு அவள் சுசீந்திரத்துக்குப் போகவில்லை. வீட்டைப் பூட்டிய சாவி அப்படியே கிடந்தது. தங்கபாயின் மூத்த மகனுக்கு ஒரு வருஷம் பிறந்த மாதத்தில் நட்சத்திரம் இரண்டாக வந்தது. பிந்தினது என்று தங்கபாய் வாயெடுப்பதற்குள், "முந்தினதுலயே செய்திரு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்த வீட்டில் இன்றுவரை அப்படித்தான்.

பொன்னம்மை இப்போதும் சாலைக் கடைத்தெருப் பக்கம்தான், தங்கபாயின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள்.