தடுப்போடு எடுத்த படம்

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிஞ்சிய பிறகு, என் தங்கை அம்புஜவல்லி இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகினாள். பதினான்கு மாதத்தில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாள். விருத்தாசலத்தில் பதினோரு பீங்கான் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தாள். அவற்றைப் பார்த்துக் கொழும்பிலிருந்துகூட ஆர்டர் வந்தது. ஒன்று மட்டும் முடியவில்லை. இடது கை எழுத்து கோணலாக வருகிறதென்று, எங்கே போனாலும் கைநாட்டுதான் வைப்பாள்.

அவள் விரல்களை எடுத்தது, சக்கரபாணி முதலாளியின் கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் அழுத்தும் பிரஸ். 2019இல் நடந்தது. கைக்குக் குறுக்கே இருக்க வேண்டிய கம்பித் தடுப்பு அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியுமுன் ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். 'என் கவனக்குறைவால்' என்று அதில் இருந்தது.

2025 பிப்ரவரியில் அதே சக்கரபாணி வெப்சைட் கேட்டு ஆள் அனுப்பினார். போகாதே என்றேன்.

"அந்த மெஷின்ல இப்ப எங்கூட வேல பாத்த பாஞ்சால குந்தியிருக்குதுக்கா. தடுப்பு போட்டாதான் செய்வேன்னு கேட்டுப் பாக்குறேன்."

நானும் கூடப் போனேன். முதலில் பிரஸ்ஸைத் தடுப்பில்லாமல் இருந்தபடியே படம் எடுத்துக்கொண்டாள்.

"எங்கப்பா போட்டோ பெருசா வரணும். பின்னால பாட்டு ஓடணும்" என்றார் சக்கரபாணி.

"ஃபியூஸ் வாங்க வரவங்க போன் நம்பரும் சைஸும்தாங்க தேடுவாங்க. பாட்டு போட்டா பக்கம் தொறக்கவே நேரமாவும்."

"அப்ப எங்கப்பாவத் தூக்கிடுவியா?"

"'எங்களைப் பற்றி'ன்னு உள்ள ஒரு பக்கம் இருக்குதுங்க. அங்க சவுரியமா இருக்கட்டும்."

அவரே சிரித்துவிட்டார். பிரஸ்ஸுக்கு மட்டும் நெட்டிலிருந்து ஏதாவது படம் போடச் சொன்னார். இங்கே இல்லாததைப் போடமாட்டேன், தடுப்பு மாட்டினால்தான் வெப்சைட் என்றாள். தடுப்பு மாட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

மார்ச் 4 காலை தடுப்பு மாட்டியிருந்தது. பாஞ்சாலை சிரித்தபடி உட்கார, அம்புஜவல்லி படம் எடுத்தாள். மறுநாளே, வேலை மெதுவாகிறதென்று தடுப்பைக் கழற்றிவிட்டார்கள். வேலை போய்விடுமென்று பயந்து பாஞ்சாலை எங்களிடம் சொல்லவில்லை.

ஜூன் 11 அன்று பாஞ்சாலையின் இரண்டு விரல்கள் போயின. விசாரிக்க வந்த தொழிற்சாலை ஆய்வாளரிடம் சக்கரபாணி போனில் வெப்சைட்டைத் திறந்து காட்டினார். "பாருங்க சார், தடுப்பு இருக்குது. அவளே கழட்டிட்டா."

பாஞ்சாலை வீட்டுக்குப் போனோம். "நீ எடுத்த படத்துல நல்லாத்தான் சிரிக்கிறேன் இல்ல?" என்றாள். என் தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

படம் பொய் சொல்லக் கூடாதென்று இருந்தவள் அவள். அவள் படம்தான் இப்போது பாஞ்சாலைக்கு எதிரான சாட்சி. பிப்ரவரியில் எடுத்த படத்தையும் மார்ச்சில் எடுத்ததையும் தேதியோடு அச்செடுத்தாள். ஆய்வாளரிடம் கொடுக்க, நடந்ததை ஆறு பக்கம் டைப் செய்தாள். இது தெரிந்து சக்கரபாணியின் ஆள் வந்தான். "இத்தக் குடுத்தீன்னா ஒரு கம்பெனிக்காரனும் உன்ன உள்ள வுட மாட்டான்" என்றான். அந்த வாரமே நான்கு கம்பெனிகள் அவளை நிறுத்தின. மற்றவர்களும் நிறுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆய்வாளர் அலுவலகத்தில் அவள் கையைப் பார்த்த எழுத்தர், மை டப்பாவை நகர்த்தி வைத்தார்.

"வேணாங்க. கைநாட்டு வச்சுப் பட்டது போதும்."

பேனாவை இடது கையில் பிடித்தாள். எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே சரிந்தன. ஆனாலும் ஓர் எழுத்தும் விடாமல் முழுப் பெயரையும் எழுதி, அடியில் தேதியையும் அவளே போட்டாள்: 7.7.2025.