ஒதில் மலையேற மறுத்த காலை

குழந்தை பிழைக்காது என்று மருத்துவரே கைவிட்டபோதும் தொண்டை அடைப்பான் நோயை நாலு வயதில் ஜெயித்தாள் ஒதில் வெர்னே. பிரான்ஸில் தியேர் ஊர்க் கத்தித் தொழிற்சாலையில், பெண்கள் பெட்டி கட்டும் அறையைத் தாண்டக் கூடாது என்றிருந்த காலத்தில், சாணை பிடிக்கும் பட்டறையில் இடம் பிடித்தாள். விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு மனுப்போட்ட நாற்பத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். வேலை அவளுக்கே கிடைத்தது. மூன்று ஆண்கள் முயன்று கைவிட்ட லியோன் நகரத்துக் கசாப்புக்காரர் சங்கத்தை வாடிக்கையாக்கினாள்.

இத்தனையும் செய்தவளை அந்தச் சங்கம் என்ன செய்தது? ஊரைச் சுற்றிப் பார்க்க அனுப்பியது.

லியோனில் வியாபாரம் அலுவலகத்தில் முடிவதில்லை. காலை ஒன்பது மணிக்குக் குடலும் ஒயினுமாக ஆண்கள் உட்காரும் மஷோன் பந்தியில்தான் முடிகிறது. சங்கத் தலைவர் பூர்தான் ஒவ்வொரு முறையும் அவளை உணவகத்து வாசலிலேயே நிறுத்துவார்.

"நீங்க ஃபூர்வியேர் மலைக்கோயிலைப் பார்த்துட்டு வாங்க, மதாம். மேலேருந்து ஊரே தெரியும்."

பிறகு, மாதிரிக் கத்திகள் அடங்கிய பெட்டியைச் சுமந்து வந்த வண்டியோட்டியின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போவார். வண்டியோட்டி அவளுடைய அண்ணன் மார்சியால்.

மார்சியால் போனான், அதுதான் வெட்கக்கேடு. நான்கு பயணத்திலும் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த குடலை ருசித்துத் தின்றான். தங்கை பேசி முடித்திருந்த ஆர்டரின் அடியில் தன் பெயரைக் கையெழுத்திட்டான். கத்தியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டியின் எடை, பதினான்கு கிலோ. அவன் தின்ற நேரமெல்லாம் ஒதில் வெறும் வயிற்றோடு மலையேறி இறங்கினாள்.

ஐந்தாம் முறை பூர்தான் வாயைத் திறக்குமுன் அவள் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கோயிலை நாலு தடவை பார்த்தாச்சு. இப்ப பசிக்குது."

"இங்க குடல்தான் கிடைக்கும், மதாம். கேக் கிடையாது" என்றார் ஒரு பருத்த கசாப்புக்காரர்.

"கொண்டுவரச் சொல்லுங்க. எப்படி அறுக்கணும்னு காட்டறேன்."

உணவகத்துக்காரி லியோனி தட்டை மேசையில் ணங்கென்று வைத்தாள். "பன்னெண்டு வருஷமா ஒரு பொம்பளை ஆக்கிப் போட்டதைத்தானே தின்னுட்டிருக்கீங்க? ஒரு பொம்பளை கூட உட்கார்ந்தா தொண்டையில இறங்காதா?"

ஒதில் சாப்பிட்டாள். குடல், பன்றிக்காது, பூண்டும் கீரையும் அடித்த வெண்ணிறப் பாலாடைக்கட்டி, இரண்டு கோப்பை போஜோலே ஒயின். ஒன்றிலும் மிச்சம் வைக்கவில்லை. அவள் ரொட்டியால் தட்டை வழிப்பதைப் பார்த்த மார்சியாலுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

ஒதில் நீட்டிய மாதிரிக் கத்தியால் சாசேஜ் அறுத்துப் பார்த்த பூர்தான், கத்தியை மடியில் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கத்தியைச் சும்மா வாங்கினால் கொடுத்தவரோடு உறவு அறுந்துபோகும் என்பது அங்கே நம்பிக்கை. அதனால் ஒரு பிராங்க் காசை எடுத்து மார்சியால் பக்கம் தள்ளினார்.

மார்சியால் அதைத் திருப்பித் தள்ளினான். "எனக்கு எதுக்கு? கத்தி அவ கொடுத்தது. நான் வண்டி ஓட்டறவன்."

"யார் கையில இருந்தா என்னப்பா? சும்மா ஒரு சம்பிரதாயம்."

"சம்பிரதாயம்னா ஒழுங்காச் செய்யுங்க, மொசியே. கொடுத்தவளை விட்டுட்டு வேற ஒருத்தன் கையில காசு வெச்சா, நாளைக்கு யாரோட உறவு அறுந்துச்சுன்னு தேடுவீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. கத்தியால் பிழைப்பவர்கள் இந்த விஷயத்தில் விளையாட மாட்டார்கள். பூர்தான் முகம் சிவந்து எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து காசை ஒதிலின் உள்ளங்கையில் வைத்தார்.

"காசு வாங்கினவதானே கையெழுத்தும் போடணும்" என்றார் பருத்தவர், வாய் நிறைய ரொட்டியோடு.

வழக்கம்போல் தன் முன்னால் வைக்கப்பட்டிருந்த படிவத்தை மார்சியால் தங்கை பக்கம் நகர்த்தினான். அவள் விரல்களைத் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், முழுப் பெயரையும் எழுதினாள்: ஒதில் வெர்னே. 1971 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை.