நான் பப்ஸ் சாப்பிட்ட நேரத்தில் டீம் பல்லடம் போய்விட்டது

நேற்று காலை ஏழு மணிக்கு, பேக்கரியில்...

சூடான பப்ஸ் ஒன்று. நான் ஒருவன். சாட்சி யாரும் இல்லை (என்றுதான் நினைத்தேன்).

புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். திருப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் அத்லெடிக்ஸ் கோச். தடகளம், கிராஸ் கன்ட்ரி இரண்டும் நம் தலையில்தான். பெண்கள் வாங்கி வந்த கோப்பைகளுக்கு பீரோ போதாமல், என் ஹெல்மெட் வைக்கும் இடத்திலும் கோப்பைதான் இருக்கிறது.

இந்தச் சாதனைக்கு என்னிடம் ஒரு ரகசியம் உண்டு. பாராட்டு விழாவில் மைக் பிடித்து நானே சொன்ன ரகசியம்!

ரோட்டில் ஓடும்போது எங்கே திரும்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவே மாட்டேன். சொன்னால் தெம்பை மிச்சம் பிடித்து ஓடுவார்கள். நான் ஸ்கூட்டரில் முன்னால் போய் எங்காவது நிற்பேன். கோச் நிற்கும் இடம்தான் திருப்பம். வண்டி சீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது.

நேற்று நடந்தது செலக்‌ஷன் ஓட்டம். பல்கலைக்கழகப் போட்டிக்கு ஆறு பேர் போகலாம். ஐந்து பேர் உறுதி. ஆறாவது இடத்துக்குத்தான் போட்டி.

ஒரு பக்கம் கவியா. இரண்டாம் வருடம், உள்ளூர்ப் பெண்.

இன்னொரு பக்கம் ஜெபா. அவள் வீட்டார் திருநெல்வேலியிலிருந்து வந்து மண்ணரையில் குடியிருக்கிறார்கள். அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர். ஜெபாவுக்கு இது கடைசி வருடம். இரண்டு முறை ஏழாவதாக வந்து வீட்டுக்குப் போனவள். இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பே இல்லை.

விசில் ஊதிவிட்டு வண்டியில் முன்னால் போனேன். கொஞ்ச தூரத்திலேயே பேக்கரி. அடுப்பிலிருந்து அப்போதுதான் தட்டை இழுக்கிறார்கள்.

(மைதாவைத் தொடாதே என்று பிள்ளைகளுக்கு தினமும் பாடம் எடுப்பவன் நான்தான்.)

‘அவர்கள் வர நேரமாகும், ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போவோம்’ என்று உள்ளே போனேன்.

பாதி பப்ஸ் வாயில் இருக்கும்போது திரும்பிப் பார்த்தால், ஜெபா! என் ஸ்கூட்டர் சீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறாள்!

நிறுத்தலாம் என்றால் வாயில் பப்ஸ். அதுவும் கொதிக்கக் கொதிக்க.

சரி, இன்றைய திருப்பம் பேக்கரி என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அதோடு, ஜெபா முதலிடத்தில் வருகிறாளே என்று ஒரே பெருமை. நம் கோச்சிங் சும்மாவா!

மற்றவர்கள் வரட்டும் என்று ஒரு டீ சொன்னேன்.

வரவில்லை.

இன்னொரு டீ சொன்னேன்.

போன் அடித்தது. புது நம்பர்.

“சாருங்களா? கேப்டன் பேசறனுங்க. பெட்ரோல் பங்க் அண்ணன்கிட்ட போன் வாங்கிப் பேசறேன். நாங்க பல்லடம் வந்துட்டோமுங்க. இன்னும் எவ்வளவு தூரமுங்க போகோணும்?”

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கூட்டம் மொத்தமும் பேக்கரியைத் தாண்டிப் போயிருக்கிறது. கம்பெனி வேன் ஒன்று குறுக்கே வந்ததில் பின்தங்கிய ஜெபாதான் என் வண்டியைக் கவனித்திருக்கிறாள்.

துணி ரோல் ஏற்றி வந்த டெம்போக்காரரிடம் கெஞ்சி, ரோல்களுக்கு நடுவே பிள்ளைகளை உட்கார வைத்து அழைத்து வந்தேன்.

கிரவுண்டில் ஜெபா தனியாகக் குதித்துக்கொண்டிருந்தாள்.

“சார், நாந்தான் ஃபர்ஸ்ட்டு! பின்னால ஒருத்தரயும் காங்கல! அம்மாட்ட போன் போட்டுச் சொல்லிட்டேன் சார்!”

அந்த முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, டெம்போக்காரருக்கு நன்றி சொல்லத் திரும்பிக்கொண்டேன். பாவி, ஒரு பப்ஸுக்காக என்ன காரியம் செய்துவிட்டேன்!

கவியாதான் முதலில் பேசினாள். “அவ மேல தப்பில்லீங்க சார். நாங்கதானுங்க பாக்காம பல்லடம் வரைக்கும் ஓடிட்டோம். நீங்க நின்ன எடத்துலதானுங்களே திரும்புனா?”

கேப்டன் சேர்த்துக்கொண்டாள். “சார், சட்டையில பப்ஸு ஒட்டியிருக்குதுங்க.”

நாளை காலை மறுபடி ஓட்டம் என்று அறிவித்தேன். வேறு வழியில்லை, பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

ஜெபா மற்றவர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, “அது சரிப்படாது சார். இவளுவ பல்லடம் வரைக்கும் ஓடிக் கால் வலியோட வருவாளுவ. நான் மட்டும் சும்மா வந்து நின்னா எப்படி? சாயங்காலம் நானும் பேக்கரில இருந்து பல்லடம் வரைக்கும் ஓடிருதேன்” என்றாள்.

“உனக்கெதுக்கு புள்ள?” என்றாள் கவியா.

“நாளைக்கு நான் ஜெயிச்சா, ஜெயிச்சதா இருக்கணும்லா?”

ஓடினாள். நான் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன், எங்கும் நிற்காமல். திரும்பும்போது அவளை வண்டியில் ஏற்றி வந்தேன். பேக்கரி வந்ததும் இருவரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டோம்.

இன்று காலை சீக்கிரமே கிளம்பினேன். வழியில் ஒரு மின்கம்பத்தில் பச்சை நிறத்தில் என்னவோ கட்டியிருந்தது. பனியன் வேஸ்ட் துணி. பக்கத்தில் கேப்டன், அவள் அண்ணனின் பைக்கோடு.

“இன்னைக்குத் திருப்பம் இதுதானுங்க சார். காலைலதான் எடம் பாத்துக் கட்டுனேன், யாருக்கும் தெரியாதுங்க. நீங்க தாராளமா டிபன் முடிச்சுட்டு வாங்க.”

எல்லோரும் துணியைத் தொட்டுத்தான் திரும்பினார்கள். கேப்டன் உட்பட உறுதியான ஐந்து பேரும் முன்னால் வந்து சேர்ந்தார்கள். அடுத்து ஜெபாவும் கவியாவும், தோளோடு தோள். கடைசியில் ஒரு கை நீளம் முன்னால் வந்து விழுந்தவள் ஜெபா!

கவியா மூச்சு வாங்கிக்கொண்டே அவளைத் தூக்கி நிறுத்தினாள். என்னைப் பார்த்து, “அடுத்த வருசம் நானுங்க சார். அதுவரைக்கும் நீங்க வாயக் கட்டுங்க” என்றாள்.

ஜெபா அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“எம்மா! ஆறாவதா வந்துட்டேம்மா! நெசமாவே ஆறாவது!”

நேற்று முதலிடம் என்று சொன்னபோதுகூட அவள் குரல் இப்படி உயரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது (பப்ஸ் சூடு இல்லை, நிஜமாகவே).

பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் நண்பர்களே.

எனக்கு வேண்டாம். இத்தனை வருடம் நான் பார்த்த வேலையை இனி ஒரு முழம் பனியன் வேஸ்ட் பார்த்துக்கொள்ளுமாம். அது டீ குடிக்கக்கூடப் போகாது!