சந்து வழியே வந்த குரல்

வடக்குப்பட்டு காந்திமதிக்கு உயரம் என்றாலே ஆகாது. திருவிழா ராட்டினத்தைத் தூரத்தில் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். அவள் மாடியில் உட்கார்ந்து கொத்தனார் கரண்டி பிடித்தது எதற்கென்று தெரியாதவர்கள்தான் அவளை ‘ஆம்பள காந்திமதி’ என்று இன்றும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

1991-இல் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கு வரிசையாக மாடிவீடுகள் கட்டியது. மேல்தளத்தை அங்கேயே வார்க்கவில்லை. வேறு இடத்தில் வார்த்த நீளமான கான்கிரீட் பலகைகளைக் கிரேனில் தூக்கி, சுவருக்குச் சுவர் பக்கம் பக்கமாக அடுக்கினார்கள். இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழைகிற சந்து விழும். அதை அடைப்பது காந்திமதியின் புருஷன் அப்பாவுவின் வேலை. அவன் மேலே உட்கார்ந்து கலவையை ஊற்றிக் கம்பியால் குத்துவான். அது கீழே ஒழுகிவிடாமல் இருக்க, அவள் வீட்டுக்குள் நின்று, ஒரு கட்டையைச் சந்துக்கு அடியில் வைத்துக் கழியால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருப்பாள்.

அப்பாவுவுக்கு வலிப்பு உண்டு. எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. வெளியே தெரிந்தால் எந்த மேஸ்திரியும் வேலை தரமாட்டார் என்று இருவரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்கோ கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. வலிப்பு வந்து ஒரு புரள் புரண்டால் தரையில்தான் விழ வேண்டும்.

அதனால் காந்திமதி அவனை வாய் ஓயவிடமாட்டாள். “பேசினே இருய்யா” என்பாள். அவனும் டீயில் சர்க்கரை போதாததிலிருந்து மேஸ்திரியின் தொப்பை வரை எல்லாவற்றையும் சந்து வழியே பேசுவான். குரல் வருகிற வரைக்கும் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

பாழாய்ப்போன வேலை அதற்கும் வழி விடவில்லை. சந்து நிறைய நிறையக் குரல் தேய்ந்துகொண்டே போகும். முழுதாக அடைபட்டதும் ஒன்றும் கேட்காது. அடைபட்டதால் கேட்கவில்லையா, ஆள் விழுந்ததால் கேட்கவில்லையா? கழியை முட்டாக நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்ப்பாள். அவன் பீடியும் வாயுமாக உட்கார்ந்திருப்பான்.

“இன்னாத்துக்கு ஓடியார?”

“சும்மாதான்” என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை சந்தோ அத்தனை தடவை செத்துப் பிழைத்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பலகையெல்லாம் வழுக்கியது. ஒரு காலையில் அவள் அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

“இன்னிக்கி நான் மேல போறேன். நீ கீழ நில்லு.”

“நாலு படி ஏறினா ஒனக்குக் கிறுகிறுன்னு வருமே.”

“எனக்குக் கிறுகிறுப்புதான் வரும். ஒனக்கு வர்றது வேற.”

அப்பாவு கழியைக் கையில் எடுத்தான். மேஸ்திரி நரசிம்மன்தான் சிரித்தார். “வூட்டுல மதுரை ஆட்சின்னு தெரியும். வேலையிலயுமா அப்பாவு?”

கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி ஏறினாள் காந்திமதி. மாடியில் அவள் நிற்கவே இல்லை, தவழ்ந்துதான் போனாள். ஓரத்தைப் பார்க்காமல், கண்ணைச் சந்திலேயே வைத்துக்கொண்டு கலவையை ஊற்றினாள்.

“இன்னாமே, உசுரோட கீறியா?” என்று கீழேயிருந்து அவன் கிண்டல் செய்தான்.

“கீறேன். நீ பேசு.”

மத்தியானத்துக்கு முன்னால், ஒரு சந்து பாதிகூட நிறையவில்லை. பேசிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்திவிட்டான். கூப்பிட்டாள், பதில் இல்லை. சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கழி சாய்ந்து கிடந்தது. கீழே மணலில் இரண்டு கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அவள் ஊற்றிய கலவை அவன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

எப்படி இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கு இப்போதும் சொல்லத் தெரியாது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முகத்தில் விழுந்த கலவையை முந்தானையால் துடைத்தாள். கையோடு வந்த கரண்டியை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். இரும்பு கொடுத்தால் நிற்கும் என்பார்கள். இரும்பால் நின்றதோ தானாக நின்றதோ, ஒரு வழியாக நின்றது.

“எங்க கீறேன்?” என்றான் அப்பாவு.

“கீழதான்.”

மல்லாந்தபடியே மேலே பார்த்தான். அடைபடாத சந்தில் வானம் ஒரு கோடாகத் தெரிந்தது. அவனுக்கு உதடு கோணி அழுகை வந்தது.

“தெனம் ஏன் அவ்ளோ பேசினேன்னு நெனச்ச? நீ சொன்னதுக்கா? எனக்கும் பயம்தான்மே.”

தனக்கு மட்டும்தான் பயம் என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். கொஞ்ச நேரம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, கலவை இறுகிவிடுமே என்று எழுந்து, மறுபடியும் ஏணி ஏறினாள்.

அந்த வரிசை முடிகிற வரைக்கும் மேலே அவள்தான். அவன் குரல் வருவதற்காகச் சாண் நீளச் சந்தை மட்டும் கடைசியில் அடைக்காமல் விட்டுவைப்பாள். அப்பாவு கழியை முட்டாக நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, அண்ணாந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் அதில் கலவையை ஊற்றுவாள்.