முலாம் பூசிய குண்டு

அபுதாபியில் வேட்டைச் சாமான் விற்கும் கடையில் எனக்கு வேலை. குழல் வாயால் மருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் பழைய மாதிரித் துவக்குக்குக் குண்டு கேட்டு யாராவது வந்தால், கூட வேலை செய்யும் நாகர்கோவில்காரர் என்னைத்தான் கூப்பிடுவார்.

போன குளிர்காலத்தில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். இங்கே கிளப்பில் அட்டையைக் குறிபார்த்துச் சுடுகிறவர். லீவில் தன் நாட்டுக்குப் போய்ப் பன்றி வேட்டையாடப் போவதாகச் சொன்னார். இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தேன். அட்டைக்கு வெறும் ஈயமே போதும், ஆனால் குழலுக்குள் ஒட்டும், அடிக்கடி துடைக்க வேண்டும் என்றேன். செப்பு முலாம் பூசியது அவ்வளவு ஒட்டாது. பன்றிக்கு அதிலேயே கனமானதை எடுங்கள் என்றும் சொன்னேன்.

"எலும்பில் பட்டால்?" என்று கேட்டார்.

"நொறுக்கும்" என்றேன்.

அவர் போனதும் நாகர்கோவில்காரர் கேட்டார்: "அண்ணே, துப்பாக்கியே தொட்டதில்லன்னு சொன்னீங்க. பொறவு எப்பிடி இவ்வளவு தெரியும்?"

"பெட்டியில எழுதிக் கிடக்குத்தானே."

எலும்பைப் பற்றிப் பெட்டியில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் ஊர் வவுனியாவில், கச்சான் செடியை, அதாவது நிலக்கடலையை, பன்றி கிளறுகிறதென்று தோட்டக் கரையில் கட்டுத்துவக்கு வைத்தவன் நான். கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கும். குண்டும் நானே ஈயம் உருக்கி வார்த்ததுதான். அயலில் எல்லோருக்கும் சொன்னேன், ஒரு வீட்டைத் தவிர. விடிய விறகுக்கு வந்த அந்த வீட்டு அக்காவுக்கு முழங்காலோடு கால் போய்விட்டது. யார் வைத்ததென்று பொலிஸ் கேட்டபோது, நான்தான் என்று தெரிந்தும் "தெரியாது" என்றா. சில மாதங்களில் நான் விமானம் ஏறிவிட்டேன். இங்கே ஒவ்வொரு தடவை குண்டைக் கையில் எடுக்கும்போதும் அந்த அலறல் கேட்கும்.

வெள்ளைக்காரர் வந்த அன்று மதியம், முதல் தடவையாக, அவவுக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, நான்தான்..."

"குரல் தெரியுது. சொல்லு."

"அண்டைக்கு உங்கட வீட்டுக்கு மட்டும் சொல்லேல்ல. மறந்துபோனன், அக்கா."

"மறந்தனியோ? எங்கட மாட்டாலதான் சொல்லாம விட்டனீ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

போன் துண்டிக்கப்பட்டது. அவர்களின் மாடு தோட்டத்துக்குள் வந்ததற்காக துவக்கு வைத்த அந்தக் கிழமைதான் நான் வேலியில் நின்று கத்தியிருந்தேன். மறந்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன்.

அடுத்த நாள் மனேஜரைக் கேட்டு, வேட்டைக்குப் பழக்கும் வல்லூறுகளுக்குக் கண்ணை மூடும் தோல் தொப்பி விற்கும் பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அக்காவுக்கு போன் எடுக்கிறேன். சில கிழமை எடுக்கிறா, மழையைப் பற்றிச் சொல்லுறா. சில கிழமை மணி அடித்து அடித்து ஓய்கிறது.