அம்மாவின் கைப்பேச்சும் மூச்சு முட்டிய கம்ப்யூட்டரும்

இல்லவே இல்லை. கண்ட படத்தையெல்லாம் பார்க்கத்தான் அவள் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் கிடந்தாள் என்று எதிர்வீட்டுக்காரி சொல்கிறாளே, அது வாய்க்கு வந்த பேச்சு. அம்மா போய் வருடம் திரும்பவில்லை, நாற்பதைத் தாண்டிய வயதில் இவளுக்குக் கல்யாணம் கேட்கிறதா என்று இன்னொரு பேச்சு. கேட்கட்டுமே! ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஊராருடைய விரிப்பையெல்லாம் துவைத்து மடித்தவள், தனக்கென்று ஒரு வீட்டில் ஒரு விரிப்பு விரிக்கக் கூடாதா?

நடந்தது இதுதான். அவளுடைய அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது, எழுதவும் தெரியாது. பேச்செல்லாம் கையில்தான். கோபம் வந்தால் பத்து விரலும் பட்டாசாக வெடிக்கும். தம்பி கடல் கடந்து போன பிறகு அவள் ஒரு கேமரா வாங்கி, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அந்தக் கைப்பேச்சைப் படம் பிடித்தாள். ஒரு டிவிடி அவனுக்குப் போகும், இன்னொன்று வீட்டில் தங்கும். அம்மாவின் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவைதான்.

அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் வேறு ஊரில் லாரி ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். அவர் வீட்டில் இருந்தது ஒரு சின்ன லேப்டாப். அதில் டிவிடி போட இடமே கிடையாது. இவளுடைய பழைய பெட்டிக் கம்ப்யூட்டரை வைக்கவோ அந்த வீட்டில் இடமில்லை. ஆகவே கிளம்புவதற்குள் டிவிடிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, கோப்புகளாக மாற்றி, பென்டிரைவில் எடுத்தாக வேண்டும்.

கம்ப்யூட்டரோ அழிச்சாட்டியம் செய்தது. முதலில் சுறுசுறுப்பாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் திரையிலிருக்கும் பச்சைக் கோடு நத்தையாக ஊரும். இப்படியே போனால் கல்யாண நாள் வந்துவிடும், அம்மா பாதியில் நிற்பாள். அவள் பழுது பார்க்கிறவருக்குப் போன் போட்டாள்.

"டிவிடிய தொடச்சீங்களாக்கா?"

"தொடச்சேன்."

"வட்டமா தொடைக்காதீங்க. நடுவுலேருந்து ஓரத்துக்கு நேரா தொடைங்க. கம்ப்யூட்டர்ல வேற ஏதாச்சும் ஓடுதா?"

"எல்லாத்தையும் மூடிட்டேன் தம்பி. தூசி வராம வீட்டுக் கதவையும் சேத்து."

மறுநாள் அவரே வந்தார். அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்னக்கா, கம்ப்யூட்டருக்குச் சட்டையா?"

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அம்மா தைத்துப் போட்ட உறை அது. பூப்போட்ட கனத்த பருத்தித் துணி, ஓரமெல்லாம் சுருக்கு வைத்தது. முன்பக்கத்தை மட்டும் தூக்கிச் செருகிக்கொண்டு வேலை பார்ப்பாளே தவிர, அதை அவள் கழற்றியதே இல்லை.

"கழட்டினா தூசி புகுந்துடுமே!"

"காத்தும் புகலியேக்கா! பின்னாடி கைய வச்சுப் பாருங்க, இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. சூடு ஏறினா அது தானா வேகத்த கொறச்சுக்கும். மூச்சு முட்டுதுல்ல?"

உறையை உருவிவிட்டுப் பக்கத்துத் தகட்டைத் திறந்தார். உள்ளே விசிறியில் துணிப்பிசிறு மெத்தையாக அடைத்துக்கிடந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உலர்த்தும் மெஷினின் வலையில் துளிப் பிசிறு நின்றால் கூட தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களை உலுக்கி எடுக்கிறவள் அவள்.

"அங்க எல்லாரையும் நான் திட்றேன். இங்க என்னைத் திட்ட ஆளில்லாமப் போச்சு."

"உங்கம்மா இருந்தா திட்டியிருப்பாங்களோ?"

"ஆமா, உறைய ஏண்டி கழட்டினேன்னு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தத் துணியை மடிக்கத்தான் அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஒவ்வொன்றாக அம்மா பென்டிரைவுக்குள் ஏறிக்கொண்டாள். கடைசி டிவிடியில்தான் ஆழமாக ஒரு கீறல். கிளம்பும் நாள் காலையிலும் அது நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அவளைக் கூட்டிப்போகக் கீழே காரில் காத்திருந்த மாப்பிள்ளை மேலே வந்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு வழியாக முடிந்ததும் அவள் கோப்பைத் திறந்தாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து மறுபடி கூடியது. அம்மாவின் கைகள் பறந்தன.

"என்ன சொல்றாங்க?" என்றார் அவர்.

"என் சமையல்ல வர வர உப்பே இல்லையாம். தம்பிகிட்ட கோள் மூட்றாங்க."

"நல்லவேளை, முன்னாடியே சொல்லிட்டாங்க. 'சரிங்க அத்தை'ன்னு எப்படிச் சொல்றது?"

அவள் அவருடைய முரட்டு விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். அவர் திரையைப் பார்த்து அப்படியே சொன்னார்.

பென்டிரைவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். கதவைப் படாரென்று சாத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்த்தாயா, போகும்போதும் எத்தனை திமிர் என்று அதற்கும் ஒரு பேச்சு கிளம்பியது. திமிரும் இல்லை, கோபமும் இல்லை. காது கேட்காத அம்மா வளர்த்த பெண் அவள். அந்த வீட்டில் கதவை மெதுவாகச் சாத்தச் சொல்ல யாரும் இருந்ததில்லை.